நாய்க்குட்டி வரப்போகிறதா? கடைக்கு ஓடும் முன் இதைப் படியுங்கள்

நாய்க்குட்டி வளர்ப்பது என்று வீட்டில் முடிவானதும் முதலில் நடப்பது கடைக்கு ஓடுவதுதான். மெத்தை, கிண்ணம், கலர் கலராகப் பொம்மை, பெயர் பொறித்த பட்டை என்று வீடு நிறைந்துவிடும். ஆனால் முதல் சில வாரங்களில் குட்டிக்கு உண்மையில் தேவைப்படுவது பகலிலும் ராத்திரியிலும் பக்கத்திலேயே இருக்கிற ஓர் ஆள். அது இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம், அது இல்லாமல் எதை வாங்கிக் குவித்தாலும் பயனில்லை.

அதனால் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் யாராவது ஒருவர் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், எங்கும் போகாமல் இருக்கக்கூடிய சமயம் எது என்று பாருங்கள். விசேஷம், பரீட்சை, வீடு மாற்றுவது, வெளியூர்ப் பயணம் இவற்றுக்கு நடுவில் குட்டியைக் கொண்டுவராதீர்கள். ராத்திரி யார் எழுந்திருப்பது, சாப்பாடு யார் வைப்பது, மருத்துவரிடம் யார் தூக்கிக்கொண்டு போவது என்பதையெல்லாம் அது வரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிள்ளைகள் சொல்வார்கள், மனசாரத்தான் சொல்வார்கள், இருந்தாலும் பொறுப்பு பெரியவர் ஒருவர் தலையில் இருக்கட்டும்.

அடுத்தது வயது. 8 வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். "சின்னதிலேயே எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று சொல்லி 30, 35 நாளிலேயே கையில் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கூடப்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு விளையாடும்போது ஒரு குட்டி அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது கத்திவிட்டு விளையாட்டையே நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் முடியாமல் வரும் குட்டி மிச்சத்தை உங்கள் கையிலும் காலிலும்தான் படிக்கும்.

குட்டியை எடுக்கப் போகும் இடத்தில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது காரணம் சொல்லி மழுப்பினால் அங்கே எடுக்க வேண்டாம். தாய் ஆட்களிடம் எப்படி நடந்துகொள்கிறது, குட்டிகள் படுக்கும் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். குட்டியின் கண்ணில் பீளை, மூக்கில் சளி, வாலுக்குக் கீழே காய்ந்து ஒட்டிய கழிச்சல் இருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பெரும்பாலும் குடற்புழு. அங்கிருந்து கிளம்பும் முன் நான்கு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், இதுவரை தின்று பழகிய அதே சாப்பாடு சில நாளைக்கு, தாயும் குட்டிகளும் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு. கடைசியாகச் சொன்னதைக் கேட்கத் தயங்காதீர்கள், முதல் ராத்திரி அந்த வாசனைக்கு ஈடாக எதையும் கடையில் வாங்க முடியாது.

சரி, வீட்டுக்கு வருவோம். குட்டி நடமாடப்போகிற அறையில் தரையில் குப்புறப் படுத்து ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே படுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது கண்ணில் படாத எல்லாம் தெரியும்: சோபாவுக்கு அடியில் ஒற்றைச் சாக்ஸ், ஹேர்பின், ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி, கட்டில் பக்கம் தொங்கும் சார்ஜர் வயர், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் குட்டியின் தலை நுழைகிற அளவு இடைவெளி. சாக்ஸ் குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயையே அரித்துவிடும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், செருப்புகள் உயரத்துக்குப் போக வேண்டும், எலி மருந்து வீட்டில் எங்கேயும் இருக்கக் கூடாது. "மூலையில்தானே வைத்திருக்கிறோம்" என்பதெல்லாம் செல்லாது, குட்டிக்கு மூலைதான் மிகவும் பிடித்த இடம். செடிகளில் அரளியும், பனை மாதிரி இருக்கும் சைக்கஸ் என்ற அலங்காரச் செடியும் உயிரையே எடுக்கக்கூடியவை, அவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

சாப்பாட்டுப் பொருள்களில் சாக்லேட், காப்பித்தூள், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மது இவையெல்லாம் நாய்க்கு விஷம். திராட்சை சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது, எந்த நாய்க்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால் ஒன்றுகூட வேண்டாம். சர்க்கரை சேர்க்காதது என்று எழுதியிருக்கும் சூயிங்கம், சில பற்பசை, சில நிலக்கடலை வெண்ணெய் இவற்றில் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி, ஈரலையும் பாதிக்கும். அட்டையில் சின்ன எழுத்தைப் படிக்காமல் எதையும் நீட்டாதீர்கள். நாம் சாப்பிடும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அப்படித்தான். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாதி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய கெடுதல்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. கவிழாத கிண்ணம் இரண்டு, உங்கள் போன் எண் பொறித்த லேசான கழுத்துப்பட்டை, லேசான கயிறு, கடித்து மெல்ல நாலைந்து பொம்மை, குட்டிகளுக்கென்று போட்டிருக்கும் உணவு, சிறுநீர்க் கறையைச் சுத்தம் செய்ய என்ஸைம் கலந்த திரவம், அப்புறம் ஒரு கூண்டு. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டவே வேண்டாம். விலையுயர்ந்த மெத்தையும் இப்போது வேண்டாம், கடித்துக் கிழித்துவிடும், பழைய போர்வையே போதும். கூண்டு என்றதும் சிலருக்கு மனசு கேட்பதில்லை. கதவைத் திறந்தே வைத்து, உள்ளே துணி விரித்து, சாப்பாட்டையும் அங்கேயே வைத்துப் பழக்கினால் குட்டி தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும், தண்டனைக்காக மட்டும் ஒருநாளும் அதற்குள் அடைக்காதீர்கள். உள்ளே நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் முடிந்தால் அளவு சரி. ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு பக்கம் படுத்துக்கொண்டு மறுபக்கம் ஒன்றுக்குப் போய்விடும்.

கூட்டிவரும் நாளில் காலையிலேயே கூட்டிவாருங்கள், இருட்டும் முன் வீடு கொஞ்சம் பழகட்டும். வண்டியில் வாந்தி எடுக்கலாம், எச்சில் ஒழுகலாம், ஒரு பழைய துண்டும் கூட ஓர் ஆளும் வேண்டும். வந்ததும் நேரே வீட்டுக்குள் விடாமல், இனி எங்கே ஒன்றுக்குப் போகவேண்டுமோ அந்த இடத்தில் இறக்கிவிட்டு, போகும்வரை பொறுமையாக நில்லுங்கள். பக்கத்து வீடு, சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க வரட்டும், ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து. பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் குட்டி தூங்கும், அது நோய் இல்லை. தூங்கும் குட்டியைப் பிள்ளைகள் எழுப்பி விளையாடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே போடுங்கள்.

முதல் ராத்திரி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தக் குட்டி பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை. திடீரென்று தாய் இல்லை, கூடப்பிறந்தவை இல்லை, புது வாசனை, புது ஆட்கள். "அழுதால் கண்டுகொள்ளாதே, இரண்டு நாளில் பழகிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கூடத்திலோ பின்கட்டிலோ தனியாக விட்டு அழவிட்டால், கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். கூண்டை உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள், தாயின் வாசனை உள்ள துணியை உள்ளே போடுங்கள், முனகினால் கையைத் தொங்கவிட்டு விரலை மோந்து பார்க்க விடுங்கள், பெரும்பாலும் அதற்கே அடங்கிவிடும். நடுராத்திரி எழுந்து தொடர்ந்து முனகினால் ஒன்றுக்கு வருகிறது என்று அர்த்தம். தூக்கிக்கொண்டு போங்கள், பெரிய விளக்கு போடாமல், கொஞ்சாமல், விளையாடாமல் வேலையை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். கொஞ்சினால் நடுராத்திரி விளையாட்டு நேரம் என்று நினைத்துக்கொள்ளும். அது வேறு அறையில் படுக்கவேண்டும் என்று நீங்கள் விரும்பினால் சில வாரம் கழித்துக் கூண்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டே போகலாம்.

ஒன்றுக்கு, இரண்டுக்குப் பழக்குவதில்தான் நிறையப் பேர் பொறுமை இழக்கிறார்கள். பகலில் ஒரு குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்குப் பொதுவான ஒரு கணக்கு உண்டு, அதன் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் 3 மணி நேரம், அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். விழித்திருக்கும் குட்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், ஓடி விளையாடி நின்றவுடன் கொண்டுபோய்விட வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும் குட்டியைக் கவனித்துப் பாருங்கள்: சட்டென்று பொம்மையைப் போட்டுவிடும், மூக்கு தரையைத் தொடும், எதையோ தேடுவதுபோல் மோந்துகொண்டே நகரும், ஒரு வட்டம் போடும், பின்னங்கால் லேசாக மடங்கும். மூக்கு தரைக்குப் போன கணத்திலேயே நீங்கள் எழுந்துவிட்டால் சரியாக இருக்கும், வட்டம் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் துணி எடுக்கத்தான் நேரம் இருக்கும்.

ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள், போய் முடித்த அந்த நொடியிலேயே அங்கேயே பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும். தப்பான இடத்தில் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது எதுவும் வேண்டாம். அப்போது அதற்குப் புரிவது ஒன்றுதான், ஆள் பார்க்கும்போது போகக் கூடாது என்பது. அப்புறம் நீங்கள் வெளியே கொண்டுபோனாலும் உங்கள் முன்னால் போகாது, உள்ளே வந்து சோபாவுக்குப் பின்னால் போகும். பேசாமல் துடைத்துவிட்டு அந்த என்ஸைம் திரவத்தைப் போடுங்கள். நமக்கு வாடை போய்விட்டாலும் அதற்குப் போகாது, வாடை இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் வாடையையே நினைவூட்டும், அவற்றைத் தவிருங்கள்.

சாப்பாட்டை வந்த அன்றே மாற்றாதீர்கள். வீடு மாறியதிலேயே வயிறு கலங்கியிருக்கும். பழைய சாப்பாட்டையே சில நாள் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு வாரத்தில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழையதைக் குறையுங்கள். 3 மாதம் வரை நாளைக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன் பிறகு 2 வேளை என்று வைத்துக்கொள்ளலாம். மிகச் சிறிய இனக் குட்டிகள் வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும், அவற்றுக்கு நேரம் முக்கியம். பெரிய இனமாக இருந்தால் பெரிய இனக் குட்டிக்கென்றே உள்ள உணவு வாங்குங்கள், எலும்பு உறுதியாகட்டும் என்று கால்சியம் மருந்தைக் கூடுதலாக ஊற்றாதீர்கள், அதிகப்படியான கால்சியம் அவற்றின் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கிவிடும். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும். வீட்டிலேயே சமைத்துப் போட ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் வெறும் இறைச்சியும் சோறும் வளரும் உடம்புக்குப் போதாது, என்ன சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பூச்சி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும், பால் வழியாகவும் வரும், அதனால்தான் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குட்டிக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். இந்தப் புழுவின் முட்டை குழந்தைகள் வாய்க்குப் போனால் அவர்களையும் பாதிக்கும், குட்டியோடு விளையாடிவிட்டுக் கை கழுவும் பழக்கம் வேண்டும்.

"ஒரு ஊசி போட்டாச்சே, அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அதுவே தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளேயே மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டே வருகிறார்கள். அந்தக் கடைசி ஊசியை விட்டுவிட்டால் முன்னால் போட்டதெல்லாம் வீணாகவும் வாய்ப்பு உண்டு. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளைக் கொல்லும் நோய்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். ரேபீஸ் ஊசி வழக்கமாக 3 மாத வாக்கில் போடுவார்கள். அதற்கு முன் குட்டி கடித்தோ கீறியோ ரத்தம் வந்தால், "குட்டிதானே" என்று விட்டுவிடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். இதில் யாருக்கும் சலுகை இல்லை.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். ஊசி எல்லாம் முடியட்டும் என்று குட்டியை நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் ஒரு நாய் இந்த உலகத்தில் எதெல்லாம் சாதாரணம் என்று மனசில் பதியவைத்துக்கொள்கிறது. 1961இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேலி போட்ட வெளியில் 14 வாரம் வரை மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டிகள், ஆளைக் கண்டாலே காட்டு விலங்கு போல ஒதுங்கின என்று அதில் பதிவாகியிருக்கிறது. அந்த வாரங்கள் போனால் போனதுதான். வளர்ந்த நாய் குக்கர் விசிலுக்குக் கட்டிலுக்கடியில் ஓடுவது, தொப்பி போட்டவரைக் கண்டால் பாய்வது, வண்டியில் ஏற மறுப்பது இதெல்லாம் பல சமயம் இந்த வாரங்களில் விட்டதன் விளைவு.

தெருவில் இறக்கிவிடச் சொல்லவில்லை. பல நாய்கள் வந்து போகும் பூங்கா, நடைபாதை மண் வேண்டாம். தூக்கிக்கொண்டு போங்கள். கையில் வைத்தபடி சாலை ஓரம் நின்று பஸ், மோட்டார் சைக்கிள் பார்க்கவிடுங்கள். தாடி வைத்தவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் வைத்தவர், சின்னப் பிள்ளை, சீருடைக்காரர் எல்லோரையும் பார்க்கட்டும். ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய் உள்ள நண்பர் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். வழுக்கும் தரை, புல், படிக்கட்டு, மிக்ஸி சத்தம், எல்லாமே ஒவ்வொன்றாக, தின்பண்டத்தோடு. பயந்தால் தள்ளாதீர்கள், தூரத்தைக் கூட்டுங்கள், அதுவாக எட்டிப் பார்க்கும்வரை காத்திருங்கள். வீட்டிலிருக்கும்போது தினமும் பாதத்தைப் பிடித்து விரல்களை விரித்துப் பாருங்கள், காதைத் தூக்கிப் பாருங்கள், உதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு தின்பண்டம். பின்னால் நகம் வெட்டும்போதும் மருத்துவர் பார்க்கும்போதும் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.

கடிக்கும், கண்டிப்பாகக் கடிக்கும். 28 பால் பற்களும் கூர்மையாக இருக்கும், 4 மாத வாக்கில் விழ ஆரம்பித்து 6, 7 மாதத்தில் 42 நிலைப் பற்கள் வந்து சேரும், அதுவரை ஈறு தினவெடுக்கும். கையைக் கவ்வினால் பொம்மையை வாயில் கொடுங்கள். அப்படியும் கையையே தேடினால் பேசாமல் எழுந்து அரை நிமிடம் அறையை விட்டுப் போய்விடுங்கள், கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். ஒருவர் திட்ட, இன்னொருவர் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் குட்டி குழம்பிவிடும். சாயங்காலம் பேய் பிடித்தது போல ஓடிக் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவை தூக்கம், மேலும் விளையாட்டு இல்லை.

விடுப்பு இருக்கும்போதே தனியாக இருக்கவும் பழக்குங்கள். முதலில் கதவுக்கு அந்தப் பக்கம் போய் சில வினாடியில் திரும்புங்கள், அப்புறம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறவும் வேண்டாம், வந்ததும் ஆர்ப்பாட்டமும் வேண்டாம். இரண்டு வாரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு மூன்றாவது வாரம் திங்கட்கிழமை எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் எந்தக் குட்டியும் தாங்காது. வேலைக்குத் திரும்பும் நாட்களில் நடுவில் யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது என்பது. வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால், கழிச்சலில் ரத்தம் இருந்தால், அடுத்தடுத்து இரண்டு வேளை சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், ஆகாத எதையாவது தின்றது தெரிந்தால் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குட்டியின் உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கூடுதல், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது, ஒரு தெர்மாமீட்டர் தனியாக வாங்கி வையுங்கள். எதையாவது விழுங்கிவிட்டால் நீங்களாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தின்ற பொருளின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவருடைய எண்ணையும், ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே எந்த வழியாகப் போவது என்பதையும் குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள்.